கல்லுக்குள் ஓடும் வெள்ளைக் கோடு!

வீட்டு வாசற்படிக் கல்லை ஒரு முறை உற்றுப் பாருங்கள். சில கற்களில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் இருக்கும். நடுவே வெள்ளைக் கோடு ஒன்று நெளிந்து ஓடும்.

"இது விரிசல் விட்ட கல், வேண்டாம்" என்று வீடு கட்டுகிறவர்கள் சிலர் அதை ஒதுக்கிவிடுவதுண்டு.

பெரும்பாலும் அது விரிசல் அல்ல. ஒரு காலத்தில் அந்தக் கல் பாதி உருகியதன் அடையாளம்!

வரிக்கல்

இந்த வரிக்கல்லுக்கு 'நைஸ்' என்று பெயர். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இது ஏராளம். அங்கே கிடைக்கும் பல வண்ண வரிக்கல் ஒன்று, 'பாரடைசோ' என்ற பெயரில் வெளிநாடுகளுக்கும் போகிறது. கடைகளில் அதையும் 'கிரானைட்' என்றே விற்கிறார்கள். அந்த வட்டாரப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்!

கடலை மிட்டாய்

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். மலைகள் எழும்பும் இடங்களில், 20, 25 கிலோ மீட்டர் ஆழத்தில் சூடு 700 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. மேலிருந்து பெரும் பாரமும் அழுத்தும்.

அப்போது கல் முழுவதும் உருகிவிடுமா? இல்லை.

கடலை மிட்டாயை அடுப்போரம் வைத்தால் என்ன ஆகும்? வெல்லப்பாகு இளகி வழியும். கடலை அப்படியே இருக்கும். கல்லிலும் இதே கதைதான். வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸும், பெல்ஸ்பாரும் சேர்ந்து முதலில் உருகத் தொடங்கும். கறுப்பு அப்பிரகம் போன்றவை உருகாமல் தங்கும்.

உருகிய குழம்பு, பாரம் அழுத்த அழுத்த இடுக்குகளில் போய்ச் சேரும். ஆறியதும் வெள்ளைக் கோடாக இறுகும். மிஞ்சிய கறுப்பு, வேட்டிக் கரை போல் அதன் ஓரத்தில் நிற்கும்.

இப்படிக் கலந்த கல்லுக்கு 'மிக்மடைட்' என்று 1907-ல் பெயரிட்டவர் பின்லாந்து அறிஞர் செடர்ஹோல்ம். கிரேக்க மொழியில் 'கலவை' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

எங்கிருந்து வந்தது?

கறுப்புக் கரை இருந்தால், கோடு பெரும்பாலும் அதே கல்லில் பிறந்தது. கரை இல்லாமல், வரிகளைக் குறுக்கே வெட்டிச் சென்றால், வேறிடத்திலிருந்து வந்து புகுந்த குழம்பாக இருக்கலாம். வெறும் வெங்கச்சங்கல்லாக இருந்தால்? அது பெரும்பாலும் சுடுநீரின் வேலை. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோல, பாறைப் பிளவில் படிந்தது.

கல் வாங்கும்போது...

வெள்ளைக் கோட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். தடித்த கறுப்பு வரியைத்தான் கவனிக்க வேண்டும். அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரியும். கல் அங்கேதான் எளிதில் பிளக்கும்.

சந்தேகமா? கல்லில் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் கோடாக நின்றால், அதுதான் விரிசல்!

மேலே இருந்த அத்தனை கிலோ மீட்டர் பாறையும் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போன பிறகே, இந்தக் கல் வெளியே வந்தது. இன்று அது நம் வாசற்படி!