டி உயிரணுக் குறிகைப் பாதை

டி உயிரணுக் குறிகைப் பாதை என்பது, அயற்பொருளை இனங்கண்ட டி உயிரணுவைச் செயலூக்கும் தொடர்வினை ஆகும். உயிரணுச் சவ்விலுள்ள ஏற்பி அயற்பொருளின் துணுக்கைப் பற்றியதும், எல்சிகே, சாப்-70 ஆகிய நொதிகள் அடுத்தடுத்துத் தூண்டப்படுகின்றன. உயிரணுவினுள் கால்சியம் அயனிகள் பெருகுகின்றன. கால்சியம் கால்சினியூரின் எனும் நொதியை இயக்க, அந்நொதி என்எஃப்ஏடி என்ற புரதத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. அதன் பின்னரே அப்புரதம் உட்கருவினுள் நுழைந்து இன்டர்லியூக்கின்-2 மரபணுவை இயக்க முடியும். டி உயிரணுக்களைப் பெருகச் செய்வது இந்த இன்டர்லியூக்கினே. ஏற்பியின் குறிகை மட்டும் போதாது; சிடி28 வழியாக இரண்டாவது குறிகையும் வரவேண்டும். இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் தரும் வங்கிக் கணக்கை இது ஒத்தது.

மாற்றுச் சிறுநீரகத்தையும் டி உயிரணுக்கள் அயற்பொருளாகவே கொள்கின்றன. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் நடைபெற்றபோது, கால்சினியூரினைத் தடுக்கும் மருந்து எதுவும் பயன்பாட்டில் இல்லை. உயிரணுப் பெருக்கத்தைப் பொதுவாக ஒடுக்கும் அசாத்தியோபிரினும் இயக்க ஊக்கிகளுமே அன்று உலகெங்கும் வழக்கில் இருந்தன. பூஞ்சையொன்றிலிருந்து பெறப்பட்ட சைக்ளோசுப்போரின் 1983-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது சைக்ளோபிலின் புரதத்துடன் இணைந்து கால்சினியூரினை முடக்குகிறது. டாக்ரோலிமசு வேறொரு புரதத்தின் துணையுடன் அதே நொதியைத் தடுக்கிறது. இவ்விரு மருந்துகளும் சிறுநீரகக் குருதிக்குழாய்களைச் சுருக்குவதால், அளவு மிகுந்தால் காக்கவேண்டிய சிறுநீரகத்தையே கெடுக்கும். குறைந்தால் டி உயிரணுக்கள் விழித்துக்கொள்ளும். நோயாளியின் குருதியில் மருந்தளவை அவ்வப்போது அளப்பது இதனாலேயே.