சக்கர நாற்காலி வீரரும் உடற்தகுதிச் சோதனையும்

சக்கர நாற்காலி விளையாட்டு வீரர்களின் தாக்குப்பிடிக்கும் திறனை ஆய்வகக் கருவிகள் இன்றி மைதானத்திலேயே அளக்கும் முறை களச் சோதனை எனப்படும். 12 நிமிடங்களில் சக்கரத்தைத் தள்ளிக் கடக்கும் தூரத்தை அளப்பது அதில் ஒரு வகை; ஒலிக்குறிப்புக்கேற்ப வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி எண்கோணப் பாதையைச் சுற்றுவது இன்னொரு வகை. ஓட்ட வீரர்கள் 20 மீட்டர் தூரத்தை முன்னும் பின்னுமாக ஓடும் சோதனையை அப்படியே நாற்காலிக்குப் பொருத்தினால், இரு முனைகளிலும் முழுவதுமாகத் திரும்ப வேண்டியிருப்பதால், மூச்சுத்திறனோடு நாற்காலியைத் திருப்பும் லாவகமும் சேர்ந்தே அளக்கப்பட்டுவிடும்.

ஒரே வீரர் ஒரே சூழலில் சில நாள் இடைவெளியில் மறுபடி சோதிக்கப்பட்டாலும் ஏறத்தாழ ஒரே முடிவு கிடைப்பதே சோதனையின் நம்பகத்தன்மை. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் அந்தச் சூழலைக் காப்பதுதான் கடினம்: டயரில் காற்று இறங்கியிருந்தாலோ, சிமெண்ட் தளத்துக்குப் பதில் மண் தரை அமைந்தாலோ, விளையாட்டு நாற்காலி கிடைக்காமல் மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்தாலோ, அதே உடல் வேறொரு மதிப்பெண்ணைப் பெறும், அது வீரரின் குறை ஆகாது.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதயத்தை முடுக்கும் நரம்புத் தொடர்பு தடைபடுவதால், முழு வலிமையோடு தள்ளினாலும் நாடித்துடிப்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டுவதில்லை என்பதால், அதை வைத்து 'இவர் முயலவில்லை' என்று முடிவுகட்டுவது அநீதி. அவர்களுக்கு வியர்வையும் குறைவு. அதனால் சித்திரை வெயிலில் நடத்தப்படும் சோதனை உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் தலைவலியோடு முகம் சிவந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறியிருக்கக்கூடும் என்பதால், சோதனையை உடனே நிறுத்தி, வீரரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் வடிகுழாய் அடைபட்டுள்ளதா எனப் பார்த்து, மருத்துவரை அழைக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 30ஆம் பிரிவு விளையாட்டில் அவர்களின் பங்கேற்பை உறுதிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. நியாயமான வசதி செய்துதர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. ஆகவே தளம், நாற்காலி, டயர் காற்று, வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவுசெய்யுமாறும், ஐயம் எழுந்தால் அதே சூழலில் மறுசோதனை நடத்துமாறும் வீரர் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். சோதனையை நடத்தியது அரசு அமைப்பு என்றால், மதிப்பெண் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தும் தீர்வு கிட்டாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரை நாடலாம். அவரது பரிந்துரையை ஏற்க மறுக்கும் அமைப்பு, அதற்கான காரணத்தை 3 மாதங்களுக்குள் ஆணையருக்குத் தெரிவிப்பதோடு பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவித்தாக வேண்டும்.