வரி கட்டாத கோபுரங்கள்

செத்துப் பிழைத்த ஊர் என்றால் அமெரிக்காவில் உடனே எடுத்துக்காட்டாக வருவது பிட்ஸ்பர்க். நம்மவர்களுக்கு அது பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர், அல்லது பிள்ளைகள் கணினி படிக்கப் போகும் ஊர். 1980களில் எஃகாலைகள் வரிசையாக மூடின, பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் வந்து ஊரைத் தூக்கி நிறுத்தின என்கிறது வழக்கமான கதை. எஃகு நிறுவனம் ஒன்று 1970 வாக்கில் தனக்காக எழுப்பிய 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இன்று ஒரு மருத்துவக் குழுமத்தின் எழுத்துகள் ஒளிர்வதைக் காட்டினாலே போதும், கதை முடிந்துவிடும். பொய்யில்லை. ஆனால் வரவைச் சொல்லிவிட்டுச் செலவை மறைக்கும் கதை. 1950இல் ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 6,77,000, 2020இல் 3,03,000. ஆள்தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. அவர்களுக்காகக் கட்டிய பாலங்களும், குழாய்களும், மலைச்சரிவில் ஏறும் எழுநூறுக்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகளும் அப்படியே நிற்கின்றன. இவற்றையெல்லாம் யார் காசில் பராமரிப்பது?

இந்தக் கேள்வி ஆலைகள் மூடியபிறகு வந்ததல்ல, ஊரின் பெருமையான நிறுவனங்களோடு கூடவே பிறந்தது. 1881இல் எஃகு முதலாளி ஒருவர் நூலகம் கட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். நிலமும் ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவும் நகரத்துடையது என்பது நிபந்தனை. வரிப்பணத்தை நூலகத்துக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று அப்போது நகரசபை ஏற்கவில்லை. 1890இல் தொகை பத்து லட்சம் டாலராக உயர்ந்தது, நிபந்தனை மாறவில்லை. 1895இல் நகரின் ஓக்லாந்து பகுதியில் நூலகம் திறந்தது. ஆற்றோரம் சற்றுத் தள்ளி, அதே முதலாளியின் எஃகாலை இருந்த ஹோம்ஸ்டெட். அங்கே 1892இல் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும், படகில் வந்திறங்கிய தனியார் காவலர்களுக்கும் நடந்த மோதலில் இரு பக்கமும் உயிர்கள் போயின, சங்கம் முறிந்தது. ஆறே ஆண்டுகளில் பக்கத்திலேயே நீச்சல் குளமும் இசை அரங்கமும் சேர்ந்த அழகான நூலகம் அவர் கொடையாக எழுந்தது. எஃகாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை 1923 வரை ஒழியவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த வாசிப்பு மேசைகளில் உட்கார யாருக்கு நேரம் இருந்திருக்கும் என்பது புரியும். கொடை வேண்டாம் என்று வாதாட வரவில்லை. என்ன கட்டுவது, எங்கே கட்டுவது என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்தார். பிட்ஸ்பர்க்கில் காலத்துக்கும் வரும் செலவை ஊர் ஏற்றது. இந்த ஏற்பாடுதான் இன்றுவரை நீள்கிறது.

இப்போது அது வரிவிலக்கு என்னும் உருவில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் நகராட்சிகளின் முக்கிய வருமானங்களில் ஒன்று சொத்துவரி. பொது அறநிறுவனம் என்று சட்டம் ஏற்கும் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் தம் பணிக்கான கட்டடங்களுக்கு அதைக் கட்டத் தேவையில்லை. 1926இல் பணி தொடங்கிய 42 மாடி ‘கதீட்ரல் ஆஃப் லேர்னிங்’ பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு, ஒரு செங்கலுக்குப் பத்து சென்ட் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு கொடுத்தார்கள். அந்த அளவுக்கு ஊராரின் சொத்து அது. ஊரின் வரிப் பேரேட்டில் மட்டும் இடமில்லை. நிறுவனம் வளர்ந்து பக்கத்து மனையை வாங்கும்போதெல்லாம் வரி கட்டிய நிலம் விலக்குக்குள் போய்விடலாம். ஊர் செழிக்கச் செழிக்க அதன் வரித்தளம் சுருங்கும் விசித்திரம் இது. 2003 முதல் 2018 வரை பிட்ஸ்பர்க் ‘நிதி நெருக்கடி நகரம்’ என்ற பெயரில் மாநில மேற்பார்வையில் இருந்தது. ஊர் மறுபிறவி எடுத்துவிட்டதாகப் பாராட்டுக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

வேலை தருகிறார்களே, சம்பளத்திலிருந்து வரி வருமே என்பார்கள். நியாயம்தான், ஆனால் உள்ளூர் வருமான வரி வசிக்கும் ஊருக்கே போகிறது. புறநகரில் வீடும் நகரத்தில் வேலையும் உள்ளவர், நாள்தோறும் கடக்கும் பாலத்துக்கும் சாலைக்கும் சேர்த்துத் தன் சம்பளத்திலிருந்து நகரத்துக்குத் தருவது ஆண்டுக்கு 52 டாலர் உள்ளூர்ச் சேவை வரி. போலியோ தடுப்பூசியையே உலகுக்குத் தந்த பல்கலைக்கழகத்திடம் காசு கேட்பதா என்றும் கேட்கலாம். உலகுக்குச் செய்த நன்மைக்கான செலவை அந்த ஊரின் வீட்டுக்காரர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? நிறுவனங்கள் அவ்வப்போது தாமாகக் கொடுத்ததும் உண்டு. ஆனால் தாமாகக் கொடுப்பதை நம்பி நகரசபை பட்ஜெட் போட முடியாது.

2022 ஜனவரி 28 அன்று நகரத்துக்குச் சொந்தமான ஃபெர்ன் ஹாலோ பாலம் பேருந்தோடு பள்ளத்தில் சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2011 முதலே அதன் நிலை மோசம் என்று ஆய்வுகள் குறித்து வந்திருந்தன. பணமின்மை ஒன்றே காரணம் என்று சொன்னால் மிகை, அலட்சியமும் சேர்ந்தது. ஆனாலும் கையில் காசு குறைந்த நகரம் முதலில் தள்ளிப்போடுவது கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பைத்தான். கண்ணுக்குத் தெரிந்த நூலகத்துக்கும் முட்டுப்பாடு வந்தது. 2011 நவம்பரில் தனி நூலக வரி வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, தங்கள்மேல் தாங்களே வரி போட்டுக்கொள்ள மக்கள் பெரும்பான்மையாகச் சம்மதித்தார்கள்: ஒரு லட்சம் டாலர் சொத்து மதிப்புக்கு ஆண்டுக்கு 25 டாலர். சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கப்படுவதால், விலக்குப் பெற்ற கட்டடங்களுக்கு அந்த 25 டாலரும் கிடையாது.