நாள் பார்க்கும் சம்பா, வெயில் பார்க்கும் பூச்சி

காரைக்காலில் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். பிச்சாடனர் வீதியுலா போகும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே பிடிக்கக் கூட்டம் முண்டும். விழாவுக்கு நாள் குறிப்பது நிலா. மாமரம் நிலாவைப் பார்ப்பதில்லை; மார்கழி, தை இரவுகள் எவ்வளவு குளிர்கின்றன என்பதைப் பார்க்கிறது. முற்றிய கிளையின் நுனிமொட்டு பூங்கொத்தாக விரிவதா, வெறும் தளிராகப் போவதா என்பதில் அந்தக் குளிர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. குளிர் போதாவிட்டால் பூக்க வேண்டிய நுனி தளிர்த்துவிடும், அல்லது ஒரே மரத்தில் பூ தவணை தவணையாக வரும். கடலோர ஊரில் இரவு எப்போதுமே பெரிதாகக் குளிர்வதில்லை. ஒரு டிகிரி கூடினாலும் இங்கே அது அதிகம்தான்.

செடிகளும் பூச்சிகளும் பருவத்தை அறியப் பெரும்பாலும் பகலின் நீளத்தையும் வெப்பத்தையும் ஈரத்தையும் நம்புகின்றன. பகலின் நீளம் பூமியின் சாய்வு போடும் கணக்கு. எத்தனை டிகிரி சூடேறினாலும் அது மாறாது. மற்ற இரண்டும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றை அண்டி இன்னொன்று வாழும் இரு உயிர்களில் ஒன்று பகலையும் மற்றொன்று வெப்பத்தையும் நம்பியிருந்தால் சிக்கல் வரும். கடைமடையான காரைக்கால் வயல்களில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது.

முதலாவது சம்பா நெல். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் பகல் குறுகுவதைப் பார்த்துத்தான் கதிர் கட்டத் தொடங்கும். காரைக்கால் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கே தெரியாத அந்த மாற்றத்தை நெல்லின் இலைகள் நிமிடக் கணக்கில் அளந்துவிடுகின்றன. அதனால் அந்த ரகங்களைச் சற்று முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், பூக்கும் நாள் பெரிதாக நகராது. குறுவை ரகங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வரும்.

இரண்டாவது குருத்துப்பூச்சி. மஞ்சள் இறக்கையில் கருப்புப் புள்ளி வைத்த பெண் அந்துப்பூச்சி இலை நுனியில் முட்டைக் குவியல் இட்டு, மேலே பழுப்பு மயிரால் மூடிவிட்டுப் போகும். புழு தண்டைத் துளைத்து உள்ளே போகும். பூச்சிக்குத் தனக்கென உடல் சூடு கிடையாது. சுற்றுப்புறச் சூடுதான் அதன் வளர்ச்சி வேகம். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, தொகை நிறைந்ததும் அடுத்த நிலைக்குப் போகும். கணக்குக்காக அந்த அளவு 15 டிகிரி, தேவையான மொத்தம் 600 என்று வைத்துக்கொள்வோம். சராசரி வெப்பம் 27 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 12 சேரும். ஒரு தலைமுறைக்கு 50 நாள். 28 ஆனால் 46 நாள். தலைமுறைக்கு நான்கு நாள் மிச்சம். சம்பா வயலில் நிற்கும் ஐந்து மாதத்தில் இந்த மிச்சம் கூடிக்கொண்டே போகும்.

எந்த வாரத்தில் அந்து வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். தூர் கட்டும் காலத்தில் வந்தால் நடுக்குருத்து காயும். இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் பயிர் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். கதிர் வரும் நேரத்தில் வந்தால் ஈடு கிடையாது. மணி பிடிக்காத வெண்கதிர்தான் மிஞ்சும். சம்பா தன் நாளை மாற்றிக்கொள்ளாதபோது, பூச்சியின் நாள் மட்டும் நகர்ந்து எங்கே வந்து விழும் என்பதைப் பொறுத்தது விளைச்சல். அதன் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிராமா என்ற மிகச் சிறிய குளவிக்கும் தனி வெப்பக் கணக்கு உண்டு. இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சூடு கூடினால் பூச்சி பெருகும் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். குளிர் நாடுகளுக்கு அது பெரும்பாலும் சரி. நம் பக்கம் பூச்சிகள் ஏற்கெனவே தங்களுக்கு ஏற்ற வெப்பத்தின் உச்சத்தை ஒட்டி வாழ்கின்றன. அதைத் தாண்டினால் முட்டை பொரிப்பதே குறையும். ஆகவே சித்திரைச் சூட்டுக்கும் கார்த்திகைச் சூட்டுக்கும் பலன் ஒன்றல்ல.

நெதர்லாந்தில் ஓக் மரத் தளிரைத் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சியிடம், மரத்தின் நாளும் பூச்சியின் நாளும் பிசகும் இந்த முரண்பாடு தெளிவாகப் பதிவானது. வசந்தம் சூடேறியதில் முட்டைகள் தளிருக்கு முன்பே பொரித்தன. புழுக்கள் பட்டினி கிடந்தன. பின்னர் தாமதமாகப் பொரிக்கும் முட்டைகளே தப்பிப் பிழைத்து, ஏறக்குறைய பத்தாண்டுகளிலேயே அந்த இனத்தின் மரபுக் கணக்கு மாறியது. பூச்சிகள் இவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொள்ளும் என்பது ஆச்சரியம்தான். மாமரத்தால் அது முடியாது.

மழையை நம்பும் மரங்களின் தடுமாற்றம் நமக்குப் புதிதல்ல. காலமல்லாத காலத்து மழையைக் கார்காலம் என்று எண்ணிப் பூத்த கொன்றையை, குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் தோழி அறியாமை உடையது என்கிறாள்.

நெல்லுக்கு இரவுச் சூடும் ஆகாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மழையற்ற பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் பத்து சதவீதம் குறைந்தது. பகலில் வேறு தொல்லை. நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருக்கும். அப்போது 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகிவிடும். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் விடியலை ஒட்டியே பூத்து முடித்துவிடுகிறது. அதன் மரபணுப் பகுதி ஒன்றை ஐ.ஆர். 64 ரகத்தில் சேர்த்தபோது, பூ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறந்தது. மார்கழிக் குளிரை ஒட்டிக் கதிர்விடும் சம்பாவுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. ஆவணி வெயிலில் பூக்கும் குறுவைக்குத்தான் பொருந்தும்.