வாங்காத பருப்புக்கு வந்த கணக்கு!

எங்கள் வீட்டில் ஒரு நீள நோட்டு உண்டு. கல்யாணமான மறு மாதத்திலிருந்து எழுதி வருகிறேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, பிள்ளைகளின் மருந்துச் செலவு, இஸ்திரிக்குப் போட்ட துணி எல்லாம் அதில் ஏறிவிடும். "கருவேப்பிலைக்குக்கூட கணக்கு எழுதற ஒரே மருமகள் நீதான்டீ!" என்று என் மாமியார் கேலி செய்வார். பையனிடம் இருபது ரூபாய் கொடுத்துக் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால், மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எந்த வீட்டில்தான் இது இல்லை, சொல்லுங்கள்!

ஆனால் அந்த நோட்டு ஒரு நாள் அரசாங்க அலுவலகத்தில் எனக்காகச் சாட்சி சொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை.

2018-ஆம் வருஷம். ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டாக மாறியிருந்த சமயம். கடையில் பில் போட்டதும் நம் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு இருக்கும்போது செய்தி வந்தது. துவரம் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் நான் வாங்கிவிட்டேனாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான், "பருப்பும் எண்ணெயும் ஸ்டாக் இல்லக்கா, அடுத்த வாரம் வாங்க" என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாளே போய்க் கேட்டேன். "மெஷின்ல ஏதோ தப்புக்கா. அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்றார் விற்பனையாளர். சேர்த்தும் தரவில்லை, தனியாகவும் தரவில்லை.

பின்கட்டில் குடியிருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். மூன்று வயதிலும் ஒரு வயதிலுமாக இரண்டு குழந்தைகள். "எனக்கும் அப்படித்தான் ஏதோ வருதுக்கா. படிக்கத் தெரியாததால அழிச்சிடுவேன்" என்றாள். கைபேசியை வாங்கிப் பார்த்தேன். அழிக்காமல் மிச்சமிருந்த இரண்டு செய்திகளிலும் பருப்பு கொடுத்ததாக இருந்தது. "பருப்பு இல்லாத மாசம் ரசம் வெச்சுப் பிசைஞ்சு ஊட்டிடுவேன்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ரேஷனில் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக் கடையில் பருப்பு அப்போதே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்த வித்தியாசத்தை யார் கொடுக்கிறார்கள்? அரசாங்கம். அரசாங்கத்துக்கு ஏது பணம்? நாம் சோப்புக் கட்டி வாங்கினாலும், பிஸ்கட் பொட்டலம் வாங்கினாலும் அதில் வரி போகிறதே, அந்தப் பணம்தான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஆயிரம் கார்டு உள்ள கடையில் நூறு கார்டில் மட்டும் ஒரு கிலோ பருப்பு இப்படிப் போனால், கிலோவுக்கு 40 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும் மாதம் 4,000 ரூபாய். வருஷத்துக்கு 48,000! ஒரு சின்னக் கடையில் மட்டும் இவ்வளவு!

"நமக்கெதுக்கு வம்பு? ஒரு கிலோ பருப்புக்காக ஊர்ப் பகையா?" என்றார் என் கணவர். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த மாதம் எங்கள் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். அவர் சொன்ன ராஜஸ்தான் கதைதான் என்னை மாற்றியது. கதை இல்லை, நடந்தது.

சென்னையில் பிறந்த அருணா ராய் என்ற அம்மையார், ஐ.ஏ.எஸ். வேலையை எழுபதுகளிலேயே உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். 1990-இல் அங்கேயுள்ள கூலித் தொழிலாளர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். பஞ்சம் வந்தால் ரோடு போடவும் குளம் வெட்டவும் அரசாங்கம் பணம் ஒதுக்கும். வேலை செய்தவர்களுக்கோ முழுக் கூலி வராது. கேட்டால், "பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால், "அது ரகசியம்" என்பார்கள்.

இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிடைத்த பதிவேடுகளை ஊர் நடுவே பந்தல் போட்டு உரக்க வாசித்தார்கள். 1994 டிசம்பரில், பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் கூட்டம் நடந்தது. இப்படிப்பட்ட கூட்டங்களில் என்னவெல்லாம் வெளியே வந்தது என்கிறீர்கள்! செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரை விட்டே போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில். வாசிக்க வாசிக்க ஜனங்கள் எழுந்து, "இது பொய்" என்று சாட்சி சொன்னார்கள். 1996-இல் பியாவர் என்ற ஊரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். "நம் பணம், நம் கணக்கு" என்பதுதான் அவர்கள் கோஷம்.

அந்தச் சங்கத்தில் நாலாம் வகுப்பே படித்த ஒரு பெண்ணிடம், "உனக்கெதற்கு அரசாங்கக் கணக்கு?" என்று தில்லியில் கேட்டார்களாம். பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேனே, என் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகச் செலவு செய்கிறவர்களைக் கேட்க மாட்டேனா என்றாளாம் அவள்!

எனக்கு என் நீள நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. நாலாம் வகுப்பு படித்தவள் கேட்டாள். பத்தாவது படித்த நான் வாய் மூடி இருப்பதா?

அப்படிப்பட்ட பெண்கள் போராடித்தான் நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடைத்தது. நம் தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது.

அன்றே உட்கார்ந்து, வட்ட வழங்கல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் தமிழிலேயே மனு எழுதினேன். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினேன். திட்டவில்லை, புலம்பவில்லை. இரண்டே கேள்விகள்தான். கடந்த மூன்று மாதத்தில் இந்தக் கடைக்கு எவ்வளவு பருப்பும் பாமாயிலும் வந்தன, எவ்வளவு விற்றன? என் கார்டுக்கு எந்தெந்தத் தேதியில் என்னென்ன கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது? இரண்டுக்கும் நகல் வேண்டும். பின்கட்டுப் பெண் பெயரிலும் ஒரு மனு. அவள் கையெழுத்துப் போடப் பழகியிருந்தாள். நடுங்கிக்கொண்டே போட்டாள்.

முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். முப்பது நாள் போயிற்று. பதிலைக் காணோம்! சோர்ந்து போகாமல் அடுத்த நிலை அதிகாரிக்கு மேல்முறையீடு எழுதினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பத்தே நாளில் தபால் வந்தது.

என் கார்டில் மூன்று மாதமும் பருப்பு கொடுத்ததாகப் பதிவு. என் நோட்டிலோ ஒரே ஒரு மாதம்தான் "ரேஷன் பருப்பு, 30 ரூபாய்" என்று இருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நாள் தவறாமல் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதற்கு மேல் என்னம்மா வேண்டும்!" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். விற்பனையாளர் ஒரு சாயங்காலம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். கோபமாக வந்தவர், பேசப் பேசக் கண் கலங்கிவிட்டார். "மூட்டையே எடை குறைஞ்சுதான் வருதுக்கா. குறைஞ்சதுக்கு என் கையில பிடிப்பாங்க. நான் எங்க போவேன்? நீங்க என்னை மட்டும் மாட்டி விட்டுட்டீங்க" என்றார். அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தை இருக்கிறது. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. ஆனாலும், "தம்பி, மேலே தப்பு நடந்தா மேலே கேக்கணும். அதுக்காக குழந்தைங்க சாப்பிடற பருப்புல கை வைக்கலாமா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கிடங்கிலிருந்து மூட்டை எந்த எடையில் கிளம்புகிறது, கடையில் இறக்கும்போது எடை போட்டுத்தான் வாங்குகிறார்களா என்று இரண்டாவது மனு போட்டேன். அதன் பின் எங்கள் கடையில் எடை போட்டு இறக்குகிறார்கள். லோடு வரும் நாளில் எங்கள் குழுவில் இரண்டு பேர் நின்று பார்ப்போம். அவருக்கு அபராதம் விழுந்து வேறு கடைக்கு மாற்றினார்கள். கிடங்கில் யார் மேலாவது நடவடிக்கை எடுத்தார்களா என்றால், இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பின்கட்டில் மாதா மாதம் பருப்பு வேகிற வாசனை வருகிறது.

சகோதரிகளே, நீங்களும் கேட்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்:

1. ரேஷன் கடையிலிருந்து வரும் செய்தியைப் படிக்காமல் அழிக்காதீர்கள். இப்போது விரல்ரேகை வைத்து வாங்குகிறோம் என்றாலும், வைத்த பிறகு பில்லில் என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். உடனடிப் புகாருக்கு 1967 என்ற எண் இருக்கிறது.

2. மனுவில் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் பதிவேட்டின் நகல் தருக" என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

3. கட்டணம் 10 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணமே இல்லை.

4. உங்கள் கார்டு விவரத்தையும் கடையின் மொத்தக் கணக்கையும் கேளுங்கள். அடுத்தவர் சொந்த விவரம் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம்.

5. முப்பது நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. தக்க காரணமில்லாமல் தாமதம் செய்யும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

6. தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து கேட்டால் பயமும் இருக்காது, பகையும் வளராது. மனுவின் பிரதியையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி வீட்டின் மூத்த பெண்தான் என்கிறது. ரேஷன் கணக்கெல்லாம் பொதுஜனங்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தலைவி என்று பெயர் போட்டுக்கொண்டால் மட்டும் போதுமா? கணக்கைப் பார்ப்பதும் தலைவியின் வேலைதானே!

என் கணவர் இப்போது, "வம்பு" என்று சொல்வதில்லை. போன மாதம் நோட்டு தீர்ந்தபோது, நான் கேட்காமலே புது நோட்டு வாங்கி வந்து கொடுத்தார். விலை 60 ரூபாய். அதையும் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.