பள்ளிக்கூடம் பக்கம் வேகம் வேண்டாம்: உயிரை காக்கும் 14 மீட்டர் கணக்கு

வந்தவாசி,

வந்தவாசியில் ஆரணி, காஞ்சீபுரம், திண்டிவனம் ரோடுகளில் காலை, மாலை நேரங்களில் பஸ், லாரி, பைக்குகளுக்கு நடுவே புகுந்துதான் மாணவ-மாணவிகள் ரோட்டை கடக்கிறார்கள்.

"லேட் ஆயிடுச்சு" என்று முறுக்கும் டிரைவர்கள் ஒரு கணக்கை தெரிஞ்சுக்கணும்.

குழந்தை குறுக்கே வருவதை பார்த்து பிரேக்கை மிதிக்கவே சுமார் 1 வினாடி ஆகும். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் அதற்குள் 8 மீட்டர் ஓடி, மொத்தம் 14 மீட்டருக்குள் நின்று விடும்.

அதே கார் 60-ல் வந்தால்? அந்த 14 மீட்டரை தாண்டும்போது டிரைவர் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். நிற்க 35 மீட்டருக்கு மேல் ஆகும். மழை என்றால் இன்னும் கூடும்.

குழந்தைகள் நடமாடும் இடங்களில் 30-ஐ தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

பள்ளி போர்டு கண்ணில் பட்டதும் ஆக்சிலேட்டரை விடுங்க. ரோட்டை கடப்பது நம்ம வீட்டு பிள்ளையாகவும் இருக்கலாம்.