அகழ்ந்தவர் எழுதி வைக்க வேண்டும்

புதுவைக்குத் தெற்கே, வீராம்பட்டினத்தை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது அரிக்கமேடு. ரோமாபுரியுடன் வாணிபம் நடத்திய பழந்துறைமுகம் அது. இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் 1945இல் இங்கு அகழாய்வு நடத்தினார். மறு ஆண்டே அவரது அறிக்கை அச்சேறியது. பிரெஞ்சு அறிஞர் கஸால் 1949இல் வெளியிட்ட அறிக்கை நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இடம்பெற்றது. 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லி குழுவினரின் தொகுதிகள் 1996இலும் 2004இலும் வெளிவந்தன.

அறிக்கைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒரே குழியை இரண்டாம் முறை தோண்ட இயலாது. மண்ணடுக்கு கலைந்தபின் எஞ்சுவது எழுதி வைத்த குறிப்பு மட்டுமே.

அரசு மானியம் பெற்று எத்துறையில் ஆய்வு செய்பவருக்கும் இக்கடமை உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். பணம் எவ்வழியில் செலவாயிற்று என்பதற்கு அது சான்று. அப்பணத்தால் என்ன அறிந்தோம் என்பதற்கு ஆய்வறிக்கையே சான்று.

ஆய்வுப் படிப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போம். மக்களின் வரிப்பணம் ஓர் அமானிதம். ரசீதுகளை ஒப்படைப்பதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. கண்டறிந்ததையும் ஒப்படைத்தால்தான் தீரும்.